கடைசிக் காசை ஆற்றில் எறிந்த பெண்!

தங்கம் தோண்டி எடுக்க ஆயிரம் ஆயிரமாக ஆண்கள் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அதே ஊருக்கு ஒரு பெண்ணும் போனாள். அவள் மண்வெட்டி பிடிக்கவில்லை. தோண்ட வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டாள். படுக்க இடம் கொடுத்தாள். மூன்றே ஆண்டுகளில், அந்தப் பக்கத்திலேயே பெரிய பணக்காரி என்று பெயர் வாங்கிவிட்டாள்!

அந்தப் பெண்ணின் பெயர் பெலிண்டா மல்ரூனி. ஊரின் பெயர் டாசன். கனடா நாட்டின் வடமேற்கு மூலையில், யூக்கான் ஆற்றின் கரையில் இருக்கிறது. அக்டோபர் மாதம் உறையத் தொடங்கும் ஆறு, மே மாதம்தான் உருகும். குளிர் கடுமையாகும்போது வெப்பமானியில் உள்ள பாதரசமே கட்டியாகிவிடும்!

அப்படிப்பட்ட இடத்தில், கல்யாணம் ஆகாத இளம்பெண் ஒருத்தி, துணைக்கு ஆள் இல்லாமல், மூன்று மாடி ஓட்டல் கட்டினாள்.

பாட்டி வீட்டில் வளர்ந்தவள்

பெலிண்டா பிறந்தது 1872-ம் ஆண்டு, அயர்லாந்து நாட்டில் ஸ்லைகோ என்ற பகுதியில். அங்கே அப்போது வறுமை. பிழைப்புத் தேடி ஜனங்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். பெலிண்டாவின் தாயும் தகப்பனும் அப்படித்தான் போனார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று, பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனார்கள்.

குழந்தை வளர்ந்தது. பெற்றோர் முகம் தெரியாது. பெலிண்டாவுக்கு 13 வயது ஆனபோதுதான் அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் ஆர்ச்பால்டு என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். அப்பா சுரங்கத் தொழிலாளி. அம்மாவைச் சுற்றி, பெலிண்டா பார்த்தே இராத தம்பி தங்கைகள். சொந்த வீட்டிலேயே அவள் விருந்தாளி போல நின்றாள்.

அந்த வீட்டில் அவளுக்கு மனம் ஒட்டவில்லை. கொஞ்ச காலத்தில் வெளியே கிளம்பிவிட்டாள். பிலடெல்பியா நகரில் ஒரு பணக்காரர் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. பிறகு சிக்காகோ. அங்கே 1893-ல் உலகக் கண்காட்சி நடந்தது. பல நாட்டு ஜனங்கள் வந்து குவிந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் பசிக்குமே! பெலிண்டா சாப்பாட்டுக் கடை போட்டாள். நல்ல லாபம். அந்தப் பணத்தோடு சான்பிரான்சிஸ்கோ போனாள். தீ விபத்தில் பணம் போயிற்று.

அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. "சிட்டி ஆப் டொபீகா" என்ற கப்பலில் பயணிகளைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்தாள். அந்தக் கப்பல் அலாஸ்காவுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. ஒரு பயணத்தில், கப்பலில் வந்த பெண் ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. டாக்டர் இல்லை. காப்டன் வைத்தியப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்று உரக்கப் படித்தாராம். உள்ளே பெலிண்டா அதைக் கேட்டுக் கேட்டுப் பிரசவம் பார்த்தாளாம்! அவளுடைய துணிச்சலுக்கு இது ஒன்றே போதும்.

சம்பளத்தோடு அவள் நிற்கவில்லை. அலாஸ்காவில் இருந்தவர்களுக்கு வேண்டிய சாமான்களை வாங்கி வந்து கொடுத்து, அதில் கமிஷன் பார்த்தாள். கையில் காசு சேர்ந்ததும் அலாஸ்காவில் ஜூனோ என்ற ஊரில் கடை வைத்தாள்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது.

ஓடையில் தங்கம்!

1896-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். டாசனுக்குப் பக்கத்தில் முயல் ஓடை என்று ஒரு சிற்றோடை. ஜார்ஜ் கார்மாக் என்ற வெள்ளைக்காரர், அவர் மனைவி கேட், அவளுடைய சகோதரர் ஸ்கூக்கம் ஜிம், உறவினர் டாசன் சார்லி ஆகியோர் அந்தப் பக்கம் போனார்கள். கார்மாக்கைத் தவிர மற்றவர்கள் அந்தப் பிரதேசத்தின் பழங்குடி மக்கள். ஓடையில் தங்கம் மின்னியது! அன்று முதல் முயல் ஓடைக்குப் "பொனான்சா" என்று பெயர் மாறியது. எதிர்பாராமல் வந்த செல்வம் என்று பொருள்.

மறு ஆண்டு, 1897 ஜூலையில், தங்கம் ஏற்றிய இரண்டு கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்தன. ஒன்று சான்பிரான்சிஸ்கோவுக்கு, மற்றொன்று சியாட்டிலுக்கு. போன வருஷம் வரை கடன்காரனாக இருந்தவன், தங்கப் பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு கப்பலை விட்டு இறங்கினான். ஜனங்களுக்குப் பைத்தியம் பிடித்தது போல் ஆகிவிட்டது. கடைக்காரர் கடையைப் பூட்டினார். டிராம் ஓட்டுகிறவர் டிராமை விட்டு இறங்கினார். சுமார் ஒரு லட்சம் பேர் வடக்கே கிளம்பினார்கள்! சுவீடன்காரர், நார்வேக்காரர், ஜெர்மானியர், ஐரிஷ்காரர் என்று பல நாட்டவர். ஏற்கெனவே ஒரு முறை தாய்நாட்டை விட்டு அமெரிக்காவுக்கு வந்தவர்கள் இப்போது இரண்டாம் முறையாக மூட்டை கட்டினார்கள்.

வழி எப்படிப்பட்டது தெரியுமா? சில்கூட் என்ற பனிமலையைத் தாண்ட வேண்டும். குதிரை ஏறாது. மனிதன்தான் முதுகில் சுமந்து ஏற வேண்டும். 1897-98 குளிர்காலத்தில் பனியை வெட்டி 1,500 படிகள் அமைத்திருந்தார்கள். உச்சியில் கனடா போலீஸ் நிற்கும். ஒரு வருஷத்துக்கு வேண்டிய உணவும் சாமானும் இல்லாதவனைப் போலீசார் உள்ளே விடமாட்டார்கள். எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு டன்! ஒரே மலையை முப்பது, நாற்பது தடவை ஏறி இறங்கினால்தான் மூட்டை முழுவதும் மேலே வந்து சேரும்.

கிளம்பிய ஒரு லட்சம் பேரில் டாசனை அடைந்தவர்கள் முப்பதாயிரம், நாற்பதாயிரம் பேர்தான். அங்கே போய்ப் பார்த்தால் நல்ல இடம் ஒன்றுகூட இல்லை. தங்கம் இருந்த ஓடைகளை, முதலில் வந்தவர்கள் எப்போதோ பங்கு போட்டு எல்லைக் குச்சி நட்டுவிட்டார்கள்!

பெலிண்டா இந்தக் கூட்டத்துக்கு முந்திக்கொண்டாள். ஜூனோவில் இருந்ததால் அவளுக்குச் செய்தி முதலிலேயே எட்டிவிட்டது. 1897 வசந்த காலத்திலேயே சில்கூட் மலையைத் தாண்டி, ஜூன் மாதம் டாசன் போய்ச் சேர்ந்தாள்.

மூட்டைக்குள் என்ன?

மற்றவர்கள் மண்வெட்டி, கடப்பாரை, தங்கம் அலசும் தட்டு ஆகியவற்றைக் கொண்டுபோனார்கள். பெலிண்டாவின் மூட்டையில் இருந்தவை: பட்டு உள்ளாடைகள், பருத்தித் துணி, வெந்நீர்ப் பைகள்!

பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் அவள் கணக்கு சரியான கணக்கு. மண்வெட்டி எல்லாரிடமும் இருக்கும். எலும்பு நடுங்கும் குளிரில் படுக்கைக்குள் வைத்துக்கொள்ள வெந்நீர்ப் பை யாரிடம் இருக்கும்? தங்கம் கிடைத்தவனுக்கு மனைவி இருந்தால், அவள் பட்டு கேட்கமாட்டாளா?

டாசன் கரையில் இறங்கியதும் பெலிண்டா ஒரு காரியம் செய்தாள். கையில் இருந்த கடைசிக் காசை எடுத்து யூக்கான் ஆற்றில் எறிந்தாள். இனி எல்லாம் புதிதாகத் தொடங்கட்டும் என்ற எண்ணம்!

சாமான் பறந்தது. 5,000 டாலர் சரக்கு 30,000 டாலருக்கு விற்றது என்று சொல்வார்கள்.

அந்தப் பணத்தில் சாப்பாட்டுக் கடை வைத்தாள். பிறகு, ஆற்றில் வந்து இறங்குகிறவர்களின் படகுகளையும் கட்டுமரங்களையும் விலைக்கு வாங்கினாள். வந்து சேர்ந்தவனுக்குப் படகு எதற்கு? கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனான். பெலிண்டா அந்தப் பலகைகளைப் பிரித்துச் சிறுசிறு வீடுகள் கட்டி விற்றாள்.

காட்டுக்குள் ஒரு விடுதி

டாசனில் ஏற்கெனவே கடைகள் பெருகிவிட்டன. ஆனால் தங்கம் இருந்தது டாசனில் அல்ல. சுமார் 15 மைல் தள்ளி, பொனான்சா ஓடையும் எல்டொராடோ ஓடையும் கூடும் இடத்தில்தான் தோண்டுகிறவர்கள் நெருக்கமாக இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொன்றுக்கும் டாசனுக்கு நடக்க வேண்டியிருந்தது.

அங்கே போய் விடுதி கட்டப் போகிறேன் என்றாள் பெலிண்டா. டாசனில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். காட்டில் யார் வந்து தங்குவார்கள் என்று கேட்டார்கள். அவள் ஒரு கிழட்டுக் கோவேறு கழுதையைப் பிடித்து, மரங்களை இழுக்க வைத்து, 1897 இலையுதிர் காலத்தில் இரண்டு மாடிக் கட்டடம் எழுப்பிவிட்டாள். "கிராண்டு போர்க்ஸ் ஓட்டல்" என்று பெயர். ஓட்டல் வந்ததும் அதைச் சுற்றிக் கடைகள் முளைத்தன. கடைகளைச் சுற்றி ஓர் ஊரே முளைத்தது!

அந்தக் குளிர்காலத்தில் தோண்டுகிறவர்களின் வாழ்க்கை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் விடுதியின் அருமை தெரியும். மண் பாறை போல உறைந்து கிடக்கும். மண்வெட்டி இறங்காது. இரவு முழுவதும் தரையில் விறகை எரித்து, மண் இளகியதும் காலையில் வெட்டி எடுப்பார்கள். மறுபடி தீ மூட்டுவார்கள். இப்படிக் கிணறு போலத் தோண்டி, மண்ணைக் குவித்து வைப்பார்கள். அலசிப் பார்க்கத் தண்ணீர் ஓட வேண்டுமே? அது வசந்த காலத்தில்தான். ஆகவே ஆறு மாதம் உழைத்தாலும், குவியலில் தங்கம் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

தங்குவதற்கு மரக்கட்டைக் குடிசை. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. காலி ஜாடிகளை அடுக்கி வைத்து வெளிச்சம் வர வழி செய்வார்கள். உணவு, அவரைப் பருப்பும் உப்பிட்ட பன்றி இறைச்சியும்தான். காய்கறி இல்லாததால் ஈறு வீங்கிப் பல் ஆடும் நோய் பலருக்கு வந்தது. பேச்சுத் துணைக்கு ஒரே ஒரு கூட்டாளி. நீண்ட இரவில் அவனோடும் சண்டை வந்துவிடும்.

அப்படிப்பட்டவனுக்கு, கணப்பு எரியும் ஒரு கூடமும், சுடச்சுடச் சாப்பாடும், நாலு மனித முகமும் கிடைத்தால் எப்படி இருக்கும்? அதற்கு அவன் தங்கத்தூளையே கொட்டிக் கொடுத்தான். ரூபாய் நோட்டு மாதிரி அங்கே தங்கத்தூள்தான் பணம். ஒவ்வொரு கடையிலும் தராசு இருக்கும். ஓர் அவுன்ஸ் 16 டாலர் கணக்கு. நடுங்கும் கையால் பையைத் திறந்து கொட்டும்போது கொஞ்சம் கீழே சிந்தும். பெலிண்டா அதையும் விடவில்லை. தரையில் பெருக்கிய குப்பையைத் தண்ணீர் விட்டு அலசச் சொன்னாள். குப்பையில் மட்டும் சில நாளில் 100 டாலர் தங்கம் கிடைத்ததாம்!

சாப்பாடு பரிமாறும்போது இன்னொன்றும் கிடைத்தது. செய்தி! எந்தக் குழியில் தங்கம் தட்டுப்பட்டது, எவன் மனம் வெறுத்து விற்கப் பார்க்கிறான் என்பதெல்லாம் சாப்பாட்டு மேசையில் அடிபடும். பெலிண்டா அதிகம் பேசமாட்டாள். காது கொடுத்துக் கேட்பாள். அந்த ஆண்டு முடிவதற்குள் பல சுரங்க நிலங்களில் அவளுக்குப் பங்கு வந்துவிட்டது.

செருப்புக்கு 100 டாலர்

அந்த வட்டாரத்தில் பெரிய புள்ளி அலெக்ஸ் மக்டொனால்டு. ஆஜானுபாகுவான ஆள். "கிளாண்டைக் ராஜா" என்று அவருக்குப் பட்டம். அவரும் பெலிண்டாவும் சேர்ந்து, ஆற்றில் தட்டி நின்ற ஒரு படகின் சரக்கை வாங்கினார்கள். மக்டொனால்டு முந்திக்கொண்டு உணவுப் பொருள்களை எடுத்துக்கொண்டார். பெலிண்டாவின் பங்குக்கு வந்தது விஸ்கியும் ரப்பர் பூட்சும்! அது உணவுப் பஞ்சம் நிலவிய குளிர்காலம்.

பெலிண்டா மறக்கவில்லை. வசந்தம் வந்தது. பனி உருகி எங்கும் முழங்கால் ஆழம் சேறு. மக்டொனால்டின் ஆட்களுக்கு ரப்பர் பூட்ஸ் இல்லாமல் வேலை நடக்காது. ஊர் முழுவதும் தேடினார்கள். பெலிண்டாவிடம்தான் இருந்தது. ஒரு ஜோடி 100 டாலர் என்றாள். ராஜா கொடுத்தார்!

காகிதச் சுவரும் வெள்ளிக் கரண்டியும்

பெலிண்டா கிராண்டு போர்க்ஸ் ஓட்டலை 24,000 டாலருக்கு விற்றாள். இனி டாசனில் அதுவரை யாரும் பார்க்காத ஓட்டல் கட்ட வேண்டும் என்று தீர்மானித்தாள். தொங்கு விளக்குகளும் பித்தளைக் கட்டில்களும் வெளியூரிலிருந்து வந்தன. மலை வழியில், சுமை ஏற்றும் காண்டிராக்டர் ஒருவர் அவள் சாமான்களை நடுவழியில் இறக்கிப் போட்டுவிட்டு, வேறு ஒருவரின் விஸ்கியை ஏற்றிக்கொண்டாராம். பெலிண்டா ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய், அந்தக் கோவேறு கழுதைகளையே மடக்கித் தன் சாமான்களைக் கொண்டுவந்துவிட்டாள் என்று ஒரு கதை உண்டு.

1898 ஜூலை 27-ந் தேதி "பேர்வியூ ஓட்டல்" திறப்பு விழா. மூன்று மாடி. நீராவியால் சூடேற்றிய 22 அறைகள். மின்சார விளக்கு! அதற்கு மின்சாரம், ஆற்றில் நின்ற ஓர் உல்லாசப் படகின் இயந்திரத்திலிருந்து வந்தது. மேசைமேல் வெள்ளைத் துணி, வெள்ளிக் கரண்டி, பீங்கான் தட்டு. வாத்திய கோஷ்டி வேறு. பெண்கள் மதுக்கூடத்தின் வழியாக வர வேண்டாம் என்று பக்கவாட்டில் தனி வாசல். முதல் நாளில் மதுக்கூடத்தில் மட்டும் 6,000 டாலர் வசூல்!

ஒரே ஒரு குறை. அறைகளுக்கு நடுவே சுவர் கிடையாது. கான்வாஸ் துணியைக் கட்டி, அதன்மேல் பூப்போட்ட காகிதம் ஒட்டியிருந்தது. ஒரு கோடியில் ரகசியம் பேசினால் மறுகோடியில் கேட்கும். புதுமணத் தம்பதிகள் என்ன செய்தார்களோ!

அந்தக் கோடையில் டாசனில் விஷ ஜுரம் பரவியது. சதுப்பு நிலத்தில் ஊர்; சாக்கடை கிடையாது; குடிநீர் கெட்டுவிட்டது. பல பேர் இறந்தார்கள். அந்த ஊரில் சுத்தமான குடிநீர் விற்கும் கம்பெனி தொடங்கியவர்களில் பெலிண்டாவும் ஒருத்தி. டெலிபோன் கம்பெனியிலும் அவள் கை இருந்தது.

மற்றொரு விடுதிக்காரர்

விடுதி வைத்துப் பிழைத்தவள் பெலிண்டா மட்டும் அல்ல. ஜெர்மனியில் கால்ஸ்டாட் என்ற கிராமத்திலிருந்து 16 வயதில் அமெரிக்கா வந்த பிரெடரிக் டிரம்ப் என்பவரும் இந்த வழியில் கடை போட்டார். 1898-ல் பென்னட் ஏரிக் கரையில் விடுதி. 1900-ல் ரெயில் பாதை வந்து, பென்னட்டில் யாரும் இறங்காமல் போனபோது, வொய்ட்ஹார்ஸ் என்ற ஊருக்குக் கடையை மாற்றினார். 1901-ல், கூட்டம் கரைவதற்குள் பணத்தோடு கிளம்பிவிட்டார். 2017-ல் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவி ஏற்ற டொனால்டு டிரம்ப் அவருடைய பேரன்தான்!

தங்கம் தோண்டியவர்கள் வந்து குவிந்ததால் நொந்துபோனவர்களும் உண்டு. கிளாண்டைக் ஆறு யூக்கானில் கலக்கும் இடத்தில் காலங்காலமாக மீன் பிடித்து வாழ்ந்தவர்கள் ஹான் பழங்குடி மக்கள். கூட்டம் பெருகியதும் அவர்களின் தலைவர் ஐசக், தம் மக்களை அழைத்துக்கொண்டு ஆற்றோடு சில மைல் தள்ளிக் குடியேறினார்.

ரோஜாப்பூ மாப்பிள்ளை

பேர்வியூ ஓட்டலுக்கு ஒரு நாள் புது ஆள் வந்தார். ஒற்றைக் கண்ணாடி, கையுறை, மிடுக்கான நடை. பெயர் சார்லஸ் கார்போனோ. பிரான்சு நாட்டுப் பிரபு என்று சொல்லிக்கொண்டார். ஷாம்பேன் மது விற்க வந்தவர். பெலிண்டாவுக்குத் தினமும் சிவப்பு ரோஜாப்பூ அனுப்பினார். பனிக்காட்டில் ரோஜாப்பூ!

அவர் பிரபு அல்ல, மான்டிரியல் நகரத்தில் முடி வெட்டியவர் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். படகு வாங்கினாலும் பூட்ஸ் விற்றாலும் ஏமாறாத பெலிண்டா, இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெற்றோர் விட்டுவிட்டுப் போன நாள் முதல் தனியாகவே நின்ற பெண். தினமும் ஒருவர் தன்னை நினைத்துப் பூ அனுப்பியபோது மனம் இளகிவிட்டது போலும். 1900 அக்டோபரில் டாசனில் கல்யாணம் நடந்தது.

தம்பதிகள் பாரிசுக்குப் போனார்கள். வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டியில் ஊர்வலம். வண்டியை விட்டு இறங்கினால், காலுக்குக் கம்பளம் விரிக்க ஒரு வேலைக்காரன்! செலவு யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. கணவர் கை வைத்த தொழில்களில் பணம் கரைந்தது. பெலிண்டா பிரிந்து வந்துவிட்டாள். 1906-ல் விவாகரத்து ஆயிற்று.

மறுபடியும் ஆரம்பம்! அலாஸ்காவில் பேர்பாங்ஸ் பக்கத்தில் புதிய தங்கம் கிடைத்திருந்தது. அங்கே போய், டோம் சிட்டி என்ற ஊரில் பாங்கு நடத்தினாள். பிறகு வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா என்ற ஊரில் பழத்தோட்டம் வாங்கி, கோட்டை போல ஒரு கல்வீடு கட்டினாள். தம்பி தங்கைகளை அங்கே அழைத்து வந்து வைத்துக்கொண்டாள். அந்தச் செல்வமும் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விட்டுப் போய்விட்டது.

டாசனின் கூட்டமும் நிற்கவில்லை. 1899 ஏப்ரலில் பெருந்தீ வந்து 117 கட்டடங்களைத் தின்றது. அந்தக் கோடையிலேயே, அலாஸ்காவில் நோம் கடற்கரை மணலில் தங்கம் என்று செய்தி வர, ஆயிரக்கணக்கானோர் படகு ஏறிவிட்டார்கள். "கிளாண்டைக் ராஜா" மக்டொனால்டு 1909-ல், தன் குடிசை வாசலில் விறகு வெட்டும்போது தனியாக இறந்து கிடந்தார். கையில் பணம் இல்லை.

கிராண்டு போர்க்ஸ் என்ற ஊர் இன்று இல்லை. பிற்காலத்தில் ராட்சத இயந்திரங்கள் வந்து அந்த ஓடைக் கரையையே தோண்டிப் புரட்டிவிட்டன. பெலிண்டாவின் விடுதி நின்ற தரையின் அடியிலும் தங்கம் இருந்தது! டாசன் மட்டும் சிறிய ஊராக இன்றும் இருக்கிறது. 2023-ல் யுனெஸ்கோ நிறுவனம், பழங்குடி மக்களின் பழைய இடங்களையும் சேர்த்து, அந்தப் பகுதியை உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பெலிண்டா மறுமணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தைச் சியாட்டில் நகரில் எளிமையாகக் கழித்தாள். தங்கக் கப்பல் வந்து இறங்கிய அதே சியாட்டில்தான். 1967-ல், 95-வது வயதில், அங்கே காலமானாள்.